பனிப்போரை முடித்து வைத்தவர் முன்னாள் அமெரிக்க அதிபர் ரீகன்தானா?

அவர் மட்டும் இல்லை. 1983-இல் சோவியத் ஒன்றியத்தைத் 'தீய பேரரசு' என்று சாடிய ரீகன், 1985-இல் கோர்பச்சேவ் சோவியத் தலைவராகப் பொறுப்பேற்றதும் பேச முன்வந்தார். 1986-இல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் பேச்சு முறிந்தது. ஆனாலும் 1987 டிசம்பரில் இருவரும் ஒப்பந்தம் போட்டு, 500 முதல் 5,500 கி.மீ. வரை பாயும், தரையிலிருந்து ஏவப்படும் ஏவுகணைகளை அடியோடு ஒழித்தார்கள். ஏறத்தாழ 2,700 அழிந்தன. சொந்தக் கட்சியின் கடும்போக்காளர்களே எதிர்த்தும் அவர் பின்வாங்கவில்லை. அவர்மேல் எனக்குள்ள மதிப்பு இதற்குத்தான். ஆனால் சோவியத் பொருளாதாரம் தேங்கியதையும், கிழக்கு ஐரோப்பாவுக்குப் படை அனுப்ப கோர்பச்சேவ் மறுத்ததையும் விட்டுவிட்டு 1989-இல் கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சிகள் சரிந்ததை விளக்கவே முடியாது.

நிகராகுவா வேறு கதை. ரீகன் அரசு ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்ற பணம், அங்கே இடதுசாரி அரசை எதிர்த்துப் போரிட்ட கான்ட்ரா படைகளுக்குப் போனது. 1986-இல் நிறவெறித் தென்னாப்பிரிக்கா மீதான தடைகளையும் ரீகன் வீட்டோ செய்தார். அமெரிக்க நாடாளுமன்றம் அதை மீறிச் சட்டமாக்கியது.