சூடாகும் ஜெர்கின், ஒளிரும் ஷூ: பழுதானால் என்ன செய்வது?

கேள்வி: பைக்கில் லடாக் போவதற்காக, பவர்பேங்க்கில் ஓடும் சூடாகும் ஜெர்கின் வாங்கினேன். இரண்டே பயணம்தான். முதுகுப் பக்கம் சூடாகிறது, வலது மார்புப் பக்கம் ஆகவில்லை. கடையில் ‘இதுக்கெல்லாம் ரிப்பேர் கிடையாது’ என்கிறார்கள். தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். முதுகு சூடாகிறது என்றால் பவர்பேங்க்கும் சுவிட்சும் நன்றாக இருக்கின்றன. இவற்றில் சூடேற்றும் பட்டைகளைப் பெரும்பாலும் பக்க இணைப்பாகவே, அதாவது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்பாதையாகவே, கொடுத்திருப்பார்கள். அதனால்தான் ஒன்று போனாலும் மற்றவை ஓடுகின்றன. பட்டையின் நடுவில் அறுவது அபூர்வம். ஒயர் பட்டையோடு சேரும் இடத்தில், அல்லது தோள் தையலையும் பாக்கெட் ஓரத்தையும் தாண்டும் இடத்தில், மடங்கி மடங்கி அறுந்திருக்கும்.

பவர்பேங்க்கைக் கழற்றிவிட்டு, உள்துணியின் கீழ்விளிம்புத் தையலை ஒரு சாண் பிரியுங்கள். சூடாகாத பட்டைக்குப் போகும் இரண்டு ஒயரையும் விடுவித்து, பட்டையின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து மின்தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் மூன்று பட்டை ஜெர்கின் என்றால், பட்டைக்குச் சுமார் 7.5 ஓம் வரவேண்டும். ஏறக்குறைய அப்படி வந்தால் பட்டை பிழைத்தது, பழுது ஒயரில். எண்ணே காட்டாவிட்டால் பட்டை போய்விட்டது.

ஒயரைச் சால்டர் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். ஒரு அங்குலம் தளர்வு விட்டு, இணைப்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி ஒயரைத் துணியோடு இரண்டு தையல் போட்டுப் பிடித்தால் இழுவை இணைப்பில் விழாது. பட்டை கார்பன் இழையில் செய்ததாக இருந்தால், அந்த இழையில் மட்டும் சால்டர் ஒட்டாது. அங்கே சின்னச் செம்புக் குழாயில் ஒயரையும் இழையையும் நுழைத்து நசுக்க வேண்டும். வெறுமனே முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொடுப்பவர்களும் உண்டு. அந்த இடத்தில் தொடர்பு சரியாக இருக்காது, மின்தடை கூடி பட்டையைவிட இணைப்பே கொதிக்கும், பாலியஸ்டர் உள்துணி கருகும். எனவே தைத்து மூடுமுன் தரையில் விரித்துப் பத்து நிமிடம் ஓடவிட்டு, இணைப்பைத் தொட்டுப் பாருங்கள். செல்போன் சர்வீஸ் கடைக்காரரும் தெருமுனைத் தையற்காரரும் சேர்ந்தால் முடிகிற வேலைதான்.

பட்டையே போயிருந்தால் ஒயர், சுவிட்ச், பட்டை எல்லாவற்றையும் உருவி எடுத்து இ-கழிவில் போடுங்கள். மிச்சம் இருப்பது நல்ல சாதாரண ஜெர்கின். பவர்பேங்க் வழக்கம்போல் போனுக்கு ஆகும்.

இதெல்லாம் 5 வோல்ட் சமாச்சாரம். சுவரில் சொருகும் 230 வோல்ட் மின்போர்வையிலோ இடுப்புவலிக்கு வைக்கும் ஹீட்டிங் பேடிலோ இந்தக் கைவேலை கூடவே கூடாது.

கேள்வி: குழந்தையின் லைட் ஷூவில் வெளிச்சம் வருவதில்லை. பழைய துணியோடு போட்டுவிடலாமா?

அளவு சரியாக இருந்தால் வெளிச்சம் இல்லாமலே இன்னொரு குழந்தை போடலாம், அடிப்பாகம் விரிசல் விடாத வரை. கழிப்பதென்றால் துணியோடு போடாதீர்கள். குதிகாலுக்குள் பேட்டரி, அதிர்வில் தொடும் ஸ்பிரிங் சுவிட்ச், எல்.இ.டி. ஒயர் மூன்றும் ஒரே டப்பாவில் இருக்கும். உள்தகட்டைத் தூக்கினால் டப்பா வந்துவிடுகிற ஷூ சில. வராவிட்டால் கத்தியால் நோண்டாமல் ஷூவை முழுசாக இ-கழிவுக்குக் கொடுங்கள். உள்ளே பட்டன் பேட்டரி இருந்து, அது குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், எச்சில் பட்டு மின்னோட்டம் ஓடி இரண்டு மணி நேரத்தில் திசுவை அரித்துவிடும். விழுங்கிய சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேரே ஆஸ்பத்திரி.

கேள்வி: சீக்கிரம் குப்பையாகாத மின்துணியை எப்படிப் பார்த்து வாங்குவது?

பேட்டரி கையோடு கழன்று வரவேண்டும், இணைப்பு சாதாரண யூ.எஸ்.பி.யாக இருக்கவேண்டும். அந்தக் கம்பெனிக்கே உரிய பேட்டரி என்றால், அது தனியாக என்ன விலை என்று வாங்கும்போதே கேளுங்கள். தனியாக விற்பதில்லை என்றால் அந்த உடுப்புக்கு ஆயுள் பேட்டரியின் ஆயுள்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் போக, சிறிய சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே கழற்ற முடியவேண்டும் என்பது சட்டம்.

ஆப் இல்லாமல் ஓடாததை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜீன்ஸ் கம்பெனி லீவைஸும் கூகுளும் 2017-இல் கொண்டுவந்த ஜக்கார்டு டெனிம் ஜெர்கினில், கைப்பட்டையைத் தடவினால் போனில் பாட்டு மாறும். 2023 ஏப்ரலில் கூகுள் ஆப்பை நிறுத்தியது. துணி நைந்துபோகவில்லை, நூலும் அறவில்லை. ஆனால் விலை கொடுத்து வாங்கிய வித்தை போயே போயிற்று.

துவைக்கும் முறை லேபிளில் இருக்கிறதா பாருங்கள். பேட்டரியைக் கழற்றி, இணைப்பு முனையை மூடியால் மூடி, வலைப்பையில் போட்டுக் குளிர்ந்த நீரில் அலசி, பிழியாமல் நிழலில் விரித்துக் காயவிடுவதுதான் பொதுவான முறை. மின்சாரம் கடத்த வெள்ளி பூசிய நூல் உள்ள துணிக்கு பிளீச் எமன்.

கேள்வி: பேட்டரி உப்பிவிட்டது. குப்பை வண்டியில் போடலாமா?

போடவே கூடாது. வண்டியில் குப்பையை நசுக்கும்போது லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். இந்தியாவின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள் எல்லா வகை பேட்டரிக்கும் பொருந்தும். மற்ற குப்பையோடு கலக்காமல், சேகரிப்பவரிடமோ மறுசுழற்சியாளரிடமோ தருவது பயன்படுத்துகிறவர் கடமை. பேட்டரியின் மேல் குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருப்பது இதைச் சொல்லத்தான்.

உப்பியதை இனி சார்ஜ் போடாதீர்கள், அமுக்காதீர்கள், குத்தாதீர்கள். முனைகளில் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வையுங்கள். மூடியை இறுக்காமல், வீட்டுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் இருக்கட்டும். கொடுக்கும்போது ‘உப்பியது’ என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள், அவர்கள் தனியாக வைப்பார்கள்.