ஊதிப் பார்க்கும் கருவிகளில் எதை நம்புவது?

கேள்வி: ஆஸ்துமாவுக்கு மருந்தெடுக்கும் என் அப்பாவுக்கு 61 வயது. நெடுங்காலமாக வைத்திருக்கும் பீக் ஃப்ளோ மீற்றரில் (மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் சிறு கருவி) நலமான நாட்களில் 380 வரை ஊதுவார். அண்மையில் பாமசியில் வாங்கிய புதியதில் 330ஐத் தாண்டுவதில்லை. கிளினிக்கில், ஊதும் காற்றின் அளவைக் காட்டும் ஸ்பைரோமீற்றர் 1.9 லீற்றர் என்று காட்டியது. எதை நம்புவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: அப்பாவுக்கு மூச்சுத் திணறல் கூடியிருந்தால் கருவியைக் காரணம் சொல்லாமல் உடனே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், மாறியது பெரும்பாலும் அளவுகோல்தான். 1959இல் பசில் மார்ட்டின் றைட் அறிமுகப்படுத்திய கருவியின் வழிவந்த பழைய மீற்றர்கள் நடுத்தர அளவுகளை உண்மையைவிடக் கூட்டிக் காட்டியதால், ஐரோப்பிய நியமத்தின்படி திருத்திய அளவுகோல் உருவாகி, பிரித்தானியாவில் 2004இல் நடைமுறைக்கு வந்தது. பழைய கோலின் 380, புதியதில் ஏறத்தாழ 325 ஆகும்.

ஸ்பைரோமீற்றர் சொன்னது வேறு அளவு. மீற்றர் காட்டுவது மூச்சின் உச்ச வேகம், நிமிடத்துக்கு இத்தனை லீற்றர் என்று, 1.9 லீற்றர் என்பது அநேகமாக முதல் ஒரு செக்கனில் வெளியேறிய காற்றின் அளவு. நோயைக் கண்டறிவதற்கு ஸ்பைரோமீற்றரையே நம்ப வேண்டும், ஆனால் சரியாக 3 லீற்றர் காற்றைச் செலுத்தும் பெரிய ஊசிக்குழாயால் அதை நாள்தோறும் சரிபார்த்திருந்தால் மட்டுமே. குறைந்தது மூன்று முறை சரியாக ஊதி, அவற்றுள் சிறந்த இரண்டும் 150 மில்லிலீற்றருக்குள் ஒத்திருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். உதடு சரியாகப் பொருந்தாமல் காற்றுக் கசிந்தாலோ, பாதியில் ஊதுவதை நிறுத்தினாலோ, எவ்வளவு விலை உயர்ந்த கருவியும் பிழையான எண்ணையே தரும் என்பதால், பொறுமையாகச் சொல்லிக்கொடுத்து ஊதவைப்பவரை நான் கருவியைவிடப் பெரிதாக மதிக்கிறேன்.

வீட்டில் நாளுக்கு நாள் ஏற்படும் மாற்றத்தை அறிய ஒரே மீற்றரைத் தொடர்ந்து பயன்படுத்துவதே முக்கியம். இரண்டு வாரங்களுக்குப் புதியதில் காலையும் மாலையும் மும்முறை ஊதி, உயர்ந்த எண்ணைக் குறித்து, அதை வைத்தியரிடம் காட்டி எச்சரிக்கை எல்லையை, அதாவது எந்த எண்ணுக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்பதை, மாற்றிக்கொள்ளுங்கள். அந்த எல்லை உச்ச அளவின் 80 வீதமாக இருந்தால், பழைய 380க்கு அது 304. புதிய 330க்கோ 264. பழைய எல்லையை அப்படியே வைத்திருந்தால், 290 ஊதும் சாதாரண நாளிலும் வீட்டிலுள்ளோர் வீணாகக் கலங்குவீர்கள்.