கருவிழிப் புண்: உறுப்பினர் கேள்விகளும் பதில்களும்

கண் வைத்தியத்தில் நீண்டகாலம் பணியாற்றிய எமது மூத்த உறுப்பினர் பதிலளிக்கிறார்.

கேள்வி (வெள்ளவத்தை): டொக்டர், சாதாரண கண்நோயையும் கருவிழிப் புண்ணையும் வீட்டிலேயே பிரித்தறிய முடியுமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். கண்நோயில் வெண்விழி முழுவதும் சிவந்து, பீளை கட்டி, காலையில் இமைகள் ஒட்டிக்கொண்டாலும், பீளையைத் துடைத்தவுடன் பார்வை தெளிந்துவிடும். கருவிழியில் புண் இருந்தால் வலி கடுமையாக இருக்கும், வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாது, நீர் வடியும், துடைத்தாலும் பார்வை மங்கலாகவே இருக்கும். சிவப்பும் கருவிழியின் விளிம்பைச் சுற்றியே அடர்ந்திருக்கும். கருவிழியில் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். புள்ளி தெரியவில்லை என்பதற்காகப் புண் இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். ஃபுளோரசீன் சாயத்தாளை இமையின் உட்புறத்தில் தொட்டுவிட்டு நீல ஒளியில் பார்க்கும்போதுதான் மேற்படை உரிந்த இடம் பச்சையாக ஒளிரும். ஹெர்பிஸ் வைரசால் வந்த புண்ணாயின் அந்தப் பச்சைக் கோடு, நுனிகளில் சிறு குமிழ்களோடு, இலையுதிர்ந்த மரக்கிளை போலப் பிரிந்து நிற்கும்.

கேள்வி (பம்பலப்பிட்டி, மாணவி): கொன்டாக்ட் லென்ஸைக் குழாய் நீரில் கழுவி அணிந்தேன். நேற்றிரவு முதல் கண் சிவந்து வலிக்கிறது. எந்தச் சொட்டு மருந்து வாங்கலாம்?

பதில்: எதையும் வாங்க வேண்டாம், தங்கச்சி. லென்ஸைக் கழற்றுங்கள், ஆனால் எறிந்துவிடாமல் அதன் பெட்டியோடு எடுத்துக்கொண்டு இன்றே லிப்டன் சுற்றுவட்டத்திலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள், ஏனெனில் கிருமியை அவற்றிலிருந்தும் வளர்த்துப் பார்க்கலாம். லென்ஸ் அணிபவர்களைத் தாக்கும் சூடோமோனாஸ் என்னும் பற்றீரியா ஓரிரு நாட்களிலேயே கருவிழியைக் கரைத்துத் துளையிடக்கூடியது. குழாய் நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் ஒற்றைக்கல உயிரி மெதுவாகப் பரவினாலும், அதற்கான சிகிச்சை மாதக்கணக்கில் நீளும்.

கேள்வி (செட்டியார் தெரு, நகைப் பட்டறை): கண்ணில் விழுந்த துகளை நண்பர் துணி நுனியால் எடுத்துவிட்டார். உறுத்தல் இன்னும் இருக்கிறது.

பதில்: துகள் போயிருந்தாலும் கீறல் இருக்கும், கீறலின் வழியேதான் கிருமி நுழையும். இன்றே காட்டுங்கள். பட்டறையில் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

கேள்வி (கொட்டாஞ்சேனை): சென்ற முறை மீந்த டெக்ஸாமெதசோன் கலந்த சொட்டு மருந்து வீட்டில் இருக்கிறது. சிவப்புக்கு அதை விடலாமா?

பதில்: கூடாது. டெக்ஸாமெதசோன் ஒரு ஸ்டீரொயிட். ஸ்டீரொயிட் சிவப்பையும் வலியையும் குறைப்பதால் கண் குணமாகிவிட்டது என்று நினைப்பீர்கள். உண்மையில் அடங்கியது உடலின் எதிர்ப்புச் சக்தி, கிருமி அன்று. ஹெர்பிஸ் புண்ணும் பங்கசுப் புண்ணும் இம்மருந்தின் மறைவிலேயே அகன்று ஆழமாகின்றன.

மறுப்பு (அதே கொட்டாஞ்சேனை உறுப்பினர்): என் அண்ணனின் கருவிழிப் புண்ணுக்கு வைத்தியரே ஸ்டீரொயிட் கொடுத்தார். வைத்தியர் கொடுத்தால் மருந்து, நாங்கள் விட்டால் நஞ்சா?

பதில்: நியாயமான கேள்வி. முறைப்படி செய்யும் வைத்தியர் முதலில் புண்ணைச் சுரண்டியெடுத்து எந்தக் கிருமியென்று ஆய்வுகூடத்தில் பார்ப்பார். அது பற்றீரியாதான் என்று தெரிந்து, அன்ரிபயோட்டிக்கால் அடங்கத் தொடங்கிய பின்னரே, தழும்பைக் குறைக்கும் எண்ணத்தில் ஸ்டீரொயிட்டைச் சேர்ப்பார், அடிக்கடி அழைத்துப் பார்ப்பார். அவ்வாறு கவனமாகச் சேர்த்தும் பலன் பெரிதன்று: இந்தியாவிலும் அமெரிக்காவிலும் 500 நோயாளர்களிடம் நடத்தப்பட்டு 2012 இல் வெளியான ஆய்வில், மூன்று மாத முடிவில் பார்வையில் மொத்தமாக வேறுபாடு காணப்படவில்லை. இந்தப் பாதுகாப்புகளில் எது உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிறது?

குறுக்கீடு (தெமட்டகொட): மட்டக்களப்பில் அப்பாவின் கண்ணில் நெற்தாள் கீறியது. மருந்துக்கடையில் கொடுத்த சொட்டில் இரண்டு நாள் சுகமாக இருந்தது. இப்போது புள்ளி பெரிதாகிவிட்டது.

பதில்: நான் அஞ்சுவது இதைத்தான். பயிர் கீறி வரும் புண்ணில் முதலில் பங்கசுவைச் சந்தேகிக்க வேண்டும். விளிம்பு இழையிழையாகக் கலைந்து, அருகே சிறு புள்ளிகளும் தோன்றினால் சந்தேகம் வலுக்கும். அதற்கு நட்டாமைசின் போன்ற மருந்து வாரக்கணக்கில் வேண்டும். அப்பாவை இன்றே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லச் சொல்லுங்கள். கடையில் வாங்கிய போத்தலையும் கையில் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி (வத்தளை): தாய்ப்பாலோ நந்தியாவட்டைச் சாறோ விடலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். கிருமி நீக்கப்படாத எதையும் புண்ணான கண்ணில் விடக்கூடாது.

கேள்வி (மருதானை): கண் சிவப்புக்கு நல்ல சொட்டு மருந்து ஒன்று சொல்லுங்கள்.

பதில்: மேலே மூன்று பேருக்குச் சொன்னதே உங்களுக்கும். பரிசோதிக்காமல் மருந்தின் பெயர் சொல்ல மாட்டேன்.

கேள்வி (தெஹிவளை): புண் ஆறிப் பூ விழுந்த கண்ணுக்குப் பார்வை திரும்புமா?

பதில்: தழும்பு நடுவில் இருந்தால் கருவிழி மாற்றுச் சிகிச்சை உதவலாம். வைத்தியர் ஹட்சன் சில்வா 1961 இல் தொடங்கிய கண் தானச் சங்கத்தின் வழியே வெளிநாடுகளுக்கும் கருவிழிகளை வழங்கும் நாடு இலங்கை.

கேள்வி (கிருலப்பனை): அம்மாவுக்கு மணிக்கொரு தடவை மருந்து விடச் சொன்னார்கள். இரவில் தூங்க விடலாமா?

பதில்: இரவிலும் விடச் சொல்லியிருந்தால், அவர்கள் இடைவெளியைக் கூட்டும் வரை எழுப்பித்தான் விட வேண்டும், மகன். முதல் இரண்டு நாட்களே மிக முக்கியமானவை. இரண்டு வகை மருந்துகளுக்கிடையே ஐந்து நிமிடம் விடுங்கள், போத்தல் நுனி இமைமயிரில் படக்கூடாது, கண்ணைக் கட்டி மூடவும் வேண்டாம்.