ரவுட்டர் இல்லாமல் லேப்டாப் நெட்டைப் போனுக்குக் கொடுக்க முடியுமா?

லேப்டாப்புக்கு லேன் ஒயரிலோ டாங்கிளிலோ (சிம் போட்டு யூஎஸ்பியில் சொருகும் கருவி) நெட் வருகிறது, வீட்டில் ரவுட்டர் கிடையாது, அதே நெட்டை வைஃபையில் போனுக்கும் இன்னொரு கம்ப்யூட்டருக்கும் கொடுக்க வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டுங்க. தனியாக ஒரு சாஃப்ட்வேரும் தேவையில்லை. விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிட வேலைக்கு நான் ஒரு முழுநாளைத் தொலைத்தவன், அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். 2020 மார்ச்சில், இரண்டு நாளில் திரும்பிவிடலாம் என்று பொங்கலூர் பக்கம் அம்முச்சியின் (அம்மாவைப் பெற்றவர்) தோட்டத்து வீடான சாளைக்குப் போனவன், ஊரடங்கு போட்டதும் அங்கேயே மாட்டிக்கொண்டேன். பழைய ஓட்டு வீடு, முழங்கை அகலத்துக்குச் சுவர். உள்ளே வந்தால் எந்தப் போனிலும் டவர் ஒரு கோட்டுக்கு மேல் நிற்காது. வீட்டிலேயே சிக்னல் ஒழுங்காக வரும் இடம் கட்டுத்தரைப் பக்கத்து ஜன்னல் மட்டும்தான். அந்த ஜன்னல் கம்பியில் என் 4ஜி டாங்கிளைச் சணல் கயிற்றால் கட்டி, மூன்று மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு, உள்ளே திண்டின் மேல் வைத்திருந்த லேப்டாப்புக்கு இழுத்தேன். எருமை வாலை வீசும்போது ஒயரில் படாமல் பார்த்துக்கொள்வது தனிச் சோலி.

லேப்டாப்புக்கு நெட் வந்துவிட்டது. ஆனால் மாமன் மகனுக்கு ஆன்லைன் கிளாஸ், மாமனுக்கு வாட்ஸ்அப், அம்முச்சிக்குச் சாயங்காலம் சென்னையில் இருக்கும் கொள்ளுப்பேத்தியை வீடியோ காலில் பார்க்க வேண்டும். எல்லோருக்கும் அந்த ஒரு டாங்கிள்தான்.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். வாய்க்காலில் தண்ணீர் உள்ளே வரும் மடை ஒன்று, வெளியே போகும் மடை ஒன்று. லேப்டாப்புக்குள் நெட் எந்த மடை வழியாக வருகிறது, எந்த மடை வழியாகப் போகிறது என்பது உங்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

செட்டிங்ஸில் 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' போய், 'மொபைல் ஹாட்ஸ்பாட்' திறங்கள். நெட்டை எதிலிருந்து எடுப்பது என்று ஒரு பெட்டி கேட்கும். இதுதான் வரும் மடை. லேன் ஒயர் என்றால் 'ஈதர்நெட்'. டாங்கிள் என்றால் சிலது 'செல்லுலர்' என்று வரும், பல மாடல்கள் தம்மை ஈதர்நெட் என்றே காட்டிக்கொள்ளும், மிரள வேண்டாம். அடுத்த பெட்டி போகும் மடை. அதில் 'வைஃபை' வையுங்கள். 'எடிட்' அழுத்திப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுங்கள். பாஸ்வேர்ட் எட்டு எழுத்துக்குக் குறையக் கூடாது. அதற்காக ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாகப் போட்டுவிடாதீர்கள், தெருவே வந்து உட்காரும். அப்புறம் மேலே இருக்கும் சுவிட்சைத் தட்டினால் போனில் அந்தப் பெயர் தெரியும். ஒரே நேரத்தில் எட்டு கருவிகள் வரை சேரலாம்.

சரி, நான் ஒரு நாளைத் தொலைத்த கதை. சுவிட்ச் போட்டேன், மாமன் மகன் போனில் பெயர் வந்தது, பாஸ்வேர்ட் அடித்தான், சேர்ந்தது. கீழேயே 'இணைக்கப்பட்டது, இணையம் இல்லை' என்று ஒரு வரி. "மச்சான், கிளாஸ் ஆரம்பிச்சிருச்சுங்க" என்று அவன் பக்கத்திலேயே நிற்கிறான். அணைத்துப் போட்டேன், பெயர் மாற்றினேன், லேப்டாப்பையே ரீஸ்டார்ட் செய்தேன். டாங்கிளைக் கழற்றி ஊதிக்கூடப் பார்த்தேன். இருட்டிய பிறகுதான் கண்ணில் பட்டது: முந்தின நாள் மாமன் போனின் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பைச் சேர்த்திருந்தேன், அது தானாகவே மறுபடி அதில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மேல் பெட்டியில் ஈதர்நெட்டுக்குப் பதிலாக 'வைஃபை' என்று இருந்தது. மாமன் போனில் அன்றைய டேட்டா காலையிலேயே தீர்ந்துவிட்டது. வறண்ட மடையைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கீழ்மடையை நோண்டியிருக்கிறேன். பெட்டியை மாற்றியதும் ஒரு நொடியில் நெட் ஓடியது.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு எங்கள் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. வெளிநாட்டு பையருக்குத் தெரிவது எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றுதான். நிட்டிங் ஓரிடம், டையிங் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம், தையல் ஓரிடம் என்று சரக்கு ஊர் சுற்றுவது அவருக்குத் தெரியாது. எந்த ரோல் எந்த யூனிட்டுக்குப் போனது, எதற்கு என்ன டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போட்டோம் என்று குறித்து வைத்துத் திரும்ப வாங்குவது என்னைப் போன்றவர்கள் வேலை. லேப்டாப் செய்வதும் இதுதான். நெட் கம்பெனிக்குத் தெரிவது லேப்டாப்பின் ஒரே முகவரி. பின்னால் இருக்கும் போன்களுக்கு லேப்டாப் தானே உள்முகவரி கொடுத்து, யார் எதைக் கேட்டார்கள் என்று குறித்து வைத்து, பதில் வந்ததும் அவரவருக்குப் பிரித்துத் தருகிறது. விண்டோஸில் லேப்டாப்பின் சொந்த உள்முகவரி வழக்கமாக 192.168.137.1 என்று இருக்கும். போனின் வைஃபை விவரத்தில் கேட்வே என்ற இடத்தில் இந்த எண் தெரிந்தால் போனும் லேப்டாப்பும் கைகோத்துவிட்டன, கோளாறு அதற்கு மேலே என்று எடுத்துக்கொள்ளலாம். அந்த முகவரியே வாங்காமல் போன் சுற்றிக்கொண்டே இருந்தால் ஆன்டிவைரஸின் ஃபயர்வாலைச் சந்தேகப்படுங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கோடு சேர்க்கும் விபிஎன் ஓடும்போதும் போனில் நெட் நின்றுபோவது உண்டு. அதை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வைஃபையில் வரும் நெட்டையே வைஃபையில் கொடுக்க முடியுமா என்றும் பலர் கேட்கிறார்கள். லாட்ஜில் ஒரு கருவிக்குத்தான் லாகின் தருவார்கள், அந்த மாதிரி இடத்தில் இது உதவும். விண்டோஸில் முடியும். ஆனால் லேப்டாப்பில் இருப்பது ஒரே ரேடியோ. அது வாங்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும். பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்களே, அப்படித்தான். ஒரு மண்டலத்துக்குப் பாயும்போது மற்றது காத்திருக்கும். வேகம் பாதிக்குப் பக்கமாக இறங்கினால் அதைக் கோளாறு என்று நினைக்காதீர்கள். இன்னொன்று: வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று அலைவரிசைகள் உண்டு; லேப்டாப் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் சேர்ந்திருந்தால் ஹாட்ஸ்பாட்டும் பெரும்பாலும் அதிலேயே நிற்கும். பழைய போன், பிரிண்டர் போன்றவை 2.4 மட்டுமே பிடிக்கும், அவற்றின் கண்ணுக்கு உங்கள் பெயரே தெரியாது. லேன் ஒயரில் நெட் வந்தால் இந்தத் தொல்லை இல்லை; 'எடிட்' பகுதியில் 2.4 என்று மாற்றிவிடலாம்.

மொபைல் ஹாட்ஸ்பாட் என்ற இந்தச் சுவிட்ச் விண்டோஸ் 10-க்கு 2016 ஆகஸ்ட் அப்டேட்டில்தான் வந்தது. அதற்கு முன் விண்டோஸ் 7 காலத்தில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஹோஸ்டட் நெட்வொர்க்' என்று ஒன்றைக் கட்டளை அடித்துத் தொடங்கி, பிறகு அடாப்டரின் 'ஷேரிங்' பகுதியில் டிக் போட வேண்டும். பெருந்துறையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தபோது இப்படித்தான் ஆறு பேர் ஒரு டேட்டா கார்டில் காலம் தள்ளினோம்.

அந்தப் பழைய வழி இன்றைக்கும் ஒரு கூட்டத்துக்கு வேண்டியிருக்கிறது. உள்ளூர் கேபிள்காரர் லேன் ஒயரை நேராக வீட்டுக்குள் இழுத்துக் கொடுத்து, கம்ப்யூட்டரில் யூசர்நேம் பாஸ்வேர்ட் போட்டு டயல் செய்ய வைப்பார், பிபிபிஓஇ என்பார்கள். அந்த இணைப்பு மொபைல் ஹாட்ஸ்பாட் பெட்டியில் பல சமயம் வராது. நெட் ஓடிக்கொண்டிருக்கும்போதே 'உங்களிடம் இணைப்பு இல்லை' என்று விண்டோஸ் சாதிக்கும். அப்போது அந்த டயலர் இணைப்பின் 'ஷேரிங்' பகுதியில் போய்ப் பகிர வேண்டும். உங்கள் வைஃபை டிரைவர், அதாவது வைஃபையை இயக்கும் சாஃப்ட்வேர், ஹோஸ்டட் நெட்வொர்க்கை ஆதரித்தால் நடக்கும். புதிய டிரைவர்கள் பலவற்றில் அதை எடுத்துவிட்டார்கள். நடக்கவில்லை என்றால் மெனக்கெடாதீர்கள். ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு ரவுட்டர் வாங்கி, அந்த யூசர்நேம் பாஸ்வேர்டை அதிலேயே போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு: செட்டிங்ஸில் 'ஜெனரல்', அதில் 'ஷேரிங்', அதில் 'இன்டர்நெட் ஷேரிங்'. வைஃபையில் வாங்கியதை அதே வைஃபையில் மேக் தராது. ஒயரில் வர வேண்டும். உபுண்டுவில் வைஃபை செட்டிங்ஸின் மெனுவிலேயே ஹாட்ஸ்பாட் இருக்கிறது. மேசைக் கம்ப்யூட்டரில் வைஃபை இல்லையென்றால் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி வைஃபை அடாப்டர் கிடைக்கும், ஹாட்ஸ்பாட் போட முடியுமா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

டாங்கிளில் நெட் எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வைஃபை என்று பார்த்தாலே போன்கள் அதை ஓசி நெட் என்று நினைத்துக்கொள்ளும். ஆப் அப்டேட், போட்டோ பேக்கப் எல்லாம் அப்போதுதான் ஆரம்பிக்கும். மாமன் மகன் கோயில் நோம்பிக்கு எடுத்த வீடியோ மொத்தமும் ஒரே ராத்திரியில் மேலே ஏறி, விடியும்போது எனக்கு மெயில் பார்க்கக்கூட டேட்டா இல்லை. "நான் ஒண்ணுமே பார்க்கலீங்க மச்சான், தூங்கிட்டுத்தான் இருந்தேன்" என்றான். பொய்யில்லை, அவன் தூங்கினான், போன் தூங்கவில்லை. ஆண்ட்ராய்டில் அந்த வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போனால் 'மீட்டர்ட்', அதாவது அளவுள்ள நெட், என்று குறிக்கும் வசதி இருக்கிறது. சேரும் ஒவ்வொரு போனிலும் அதைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாகத் தூக்கம். யாரும் சேராமல் ஐந்து நிமிடம் போனால் விண்டோஸ் ஹாட்ஸ்பாட்டைத் தானாக அணைத்துவிடும்; அதே பக்கத்தில் பவர் சேவிங் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதை அணைத்து வையுங்கள். லேப்டாப்பே ஸ்லீப்புக்குப் போனாலும் எல்லோருக்கும் நெட் போய்விடும். எனக்கு இது வேறு ரூபத்தில் வந்தது. மூன்று நாளாகச் சரியாக மதியச் சோற்று நேரத்தில் நெட் அறுந்தது. டவர் கோளாறு, டாங்கிள் சூடு என்று என்னென்னவோ ரோசனை செய்தேன். நாலாம் நாள் வட்டலோடு எழுந்தவன் சும்மா திரும்பிப் பார்த்தால், அம்முச்சி வந்து லேப்டாப்பை மெதுவாக மூடுகிறார்.

"ஏன் அம்முச்சி மூடுறீங்க?"

"ஓட்டுலருந்து தூசி உளுகுது சாமி. நீ பாட்டுக்குத் தொறந்து போட்டுட்டுப் போயிர்றே. நெட்டு சன்னல்ல தானே கட்டியிருக்குது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், மூடியை மூடினால் 'ஒன்றும் செய்யாதே' என்று மாற்றினேன். அன்றிலிருந்து மூடினாலும் நெட் ஓடுகிறது. ஆனால் மூடி வைத்தால் கெட்டுவிடும் என்று நான் போட்ட சத்தம் அவர் மனதில் நின்றுவிட்டது போல. இப்போதும் நோம்பிக்குச் சாளைக்குப் போய் டாங்கிளைக் கட்டினால், அம்முச்சி லேப்டாப்பை மூடுவதில்லை, திறந்தபடியே மேலே ஒரு ஈரிழைத் துண்டைப் போர்த்தி வைக்கிறார். பக்கவாட்டில் சூடு வெளியே வரும் ஓட்டையை மட்டும் விட்டுப் போர்த்துங்க என்று சொல்லியிருக்கிறேன்.