பள்ளிக்கூட வண்டியின் திரைச்சீலை

அன்புள்ள லாத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் பி.எஸ்ஸி., பி.எட். முடித்தவள். ஒன்பது வருஷம் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு எடுத்தேன். எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடம் தொடங்க வேண்டும் என்று நாலு வருஷமாக நினைப்பு. மாமனார் இடம் தருகிறார். பிள்ளைகள் பாடமும் நன்றாகப் படிக்க வேண்டும், மார்க்கமும் ஒழுக்கமும் தெரிந்து வளர வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. ஊர்ப் பெரியவர்கள், ஐந்தாவது வரைக்கும் போதும் என்கிறார்கள். நான் தலைமையாசிரியையாக இருக்கலாமாம், ஆனால் கமிட்டியும் கையெழுத்தும் ஆண்களிடம் இருக்குமாம். கூடப் படித்த தோழிகளோ, "இன்னொரு மதரஸாவா?" என்று கேட்கிறார்கள். பெரியவர்களுக்காக நான் சிலதை விட்டுக்கொடுத்தால் அது நடிப்பு ஆகிவிடாதா? அப்புறம், பக்கத்துத் தெரு இந்து, கிறிஸ்தவப் பிள்ளைகளும் வருவார்கள், அவர்களை எப்படி வைத்துக்கொள்வது? இதுவரை பதினொரு வீட்டில்தான் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இது போதுமா, இல்லை இன்னும் காத்திருக்க வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

*

அன்புள்ள தங்கச்சிக்கு, வ அலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று நாளாகக் கையில் வைத்துக்கொண்டு இருந்தேன். தனியாகத்தான் பதில் எழுத நினைத்தேன். ஆனால் இதே கேள்வியை வேறு ஊர்களிலிருந்தும் பெண்கள் கேட்டிருக்கிறார்கள், அதனால் நீங்கள் சம்மதம் சொன்ன பிறகு ஊரும் பெயரும் எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன்.

நடிப்பு ஆகிவிடாதா என்று கேட்டீர்களே, அந்த ஒரு வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதற்கு முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிய பேகம் ரொகேயாவின் கதையைச் சொன்னால்தான் பதில் சொன்ன மாதிரி இருக்கும். நம் ஊர் வாயில் சொன்னால் ருகையா. 1880இல் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் பாய்ராபந்து என்ற ஊரில் ஜமீன் வீட்டில் பிறந்தவர். வாப்பா ஆண்பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு ஆங்கிலம் படிக்க அனுப்பினார். பெண்பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுத்ததோடு சரி. ரொகேயாவுக்கு ஐந்து வயதிலேயே கோஷா, அதாவது அந்நியர் கண்ணில் படாமல் மறைந்து இருப்பது, அதுவும் வெளிப் பெண்களிடமிருந்தும் ஒளிந்துகொள்கிற அளவுக்கு, வீட்டுக்கு யாராவது பெண்கள் விருந்து வந்துவிட்டால் அந்தச் சின்னப் பிள்ளை மச்சு அறையில் போய் நாள்கணக்கில் பதுங்கிக் கிடக்க வேண்டும். இதையெல்லாம் அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அக்கா கரீமுன்னிஸா வங்காள எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அண்ணன் இப்ராஹிம் வீடு அடங்கின பிறகு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

வாழ்க்கைப்பட்டது பகல்பூரில் டெபுடி மாஜிஸ்திரேட்டாக இருந்த சகாவத் ஹுசைனுக்கு. முதல் மனைவியை இழந்தவர், வயதில் ரொம்ப மூத்தவர். ஆனால் மனைவி படிப்பதையும் எழுதுவதையும் பார்த்துப் பூரித்துப்போன மனிதர். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க என்று 10,000 ரூபாய் ஒதுக்கி வைத்தார். இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து, இரண்டுமே கைக்குழந்தையாகவே போய்விட்டன. 1909 மே 3ஆம் தேதி அவரும் மௌத்தாகிவிட்டார். அக்டோபர் 1ஆம் தேதி ரொகேயா பள்ளியைத் தொடங்கிவிட்டார், ஐந்து பிள்ளைகளை வைத்து. இத்தா கணக்கை, கணவர் மௌத்தானால் மனைவி இருக்க வேண்டிய காத்திருப்புக் காலத்தை, கூட்டிப் பாருங்கள், நாலு மாதம் பத்து நாள் முடிந்து மூன்று வாரம்தான் ஆகியிருக்கும். இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டுப் பார்த்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அதுவும் நிலைக்கவில்லை. மூத்தாள் மகளின் குடும்பத்தோடு சொத்துத் தகராறு, பகல்பூரை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. 1911 மார்ச் 16ஆம் தேதி கல்கத்தாவில் வலியுல்லா சந்தில் ஒரு வாடகை வீட்டில் மறுபடி முதலிலிருந்து, இந்தத் தடவை எட்டுப் பிள்ளைகள். உங்களிடம் பதினொன்று இருக்கிறது. போதுமா என்று கேட்டதற்கு என் பதில் இதுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள், பள்ளிக்கூடத்துக்குள் ஒரு நாள் கூட மாணவியாக உட்கார்ந்தறியாதவர் அவர். வகுப்பு எப்படி நடக்கும், மணி எப்போது அடிக்கும் என்பதைக்கூட கல்கத்தாவில் மற்றவர்கள் நடத்திய பள்ளிகளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். உங்களுக்கு ஒன்பது வருஷ அனுபவம் இருக்கிறது.

சரி, வண்டிக் கதைக்கு வருகிறேன். கோஷா வீட்டுப் பெண்பிள்ளைகளைத் தெருவில் நடத்திக் கூட்டி வர முடியாது என்பதால் பள்ளிக்கு மோட்டார் பஸ் வண்டி ஏற்பாடு செய்தார்கள். நாலு பக்கமும் அடைத்த வண்டி, காற்றுக்கென்று முன்னும் பின்னும் சின்னதாக ஒரு கம்பிவலைத் துண்டு. பிள்ளைகள் இருட்டில் பயந்து அழுதார்கள், வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். நகரும் இருட்டறை என்று அந்த வண்டிக்கு ஒரு வெள்ளைக்கார அம்மாள் பெயர் வைத்தாராம். தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். ரொகேயா அடைப்பைத் திறந்துவிட்டுத் திரைச்சீலை தொங்கவிட்டார். உடனே மொட்டைக் கடிதங்கள். அதில் ஆங்கிலத்தில் வந்த ஒன்றில் கையெழுத்து "இஸ்லாத்தில் உங்கள் சகோதரன்" என்று. காற்றில் திரை பறக்கிறது, பிள்ளைகளின் கோஷா கெடுகிறது, உடனே வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் பத்திரிகையில் எழுதுவோம் என்று மிரட்டல். மூடினால் பிள்ளை மயங்குகிறது, திறந்தால் ஊர் எரிகிறது. இருதலைக் கொள்ளி எறும்பு என்பார்களே, அதுதான்.

இத்தனைக்கும் இந்த அம்மாள் யார் தெரியுமா? பெண்களை அடக்கி வைக்க மார்க்கத்தின் பெயரை ஆண்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்று இருபத்து நாலு வயதிலேயே நெருப்பாக எழுதியவர். பெண்கள் விஞ்ஞானம் படித்து நாட்டை ஆளவும் ஆண்கள் வீட்டுக்குள் கோஷாவில் இருக்கவும் 'சுல்தானாவின் கனவு' என்று ஆங்கிலத்தில் கதை எழுதியவர். அது 1905இல் முதலில் அச்சானது நம் சென்னையில், கமலா சத்தியநாதன் நடத்திய பெண்கள் பத்திரிகையில். அப்படிப்பட்டவர் பர்தா போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, பிள்ளையை அனுப்புங்கள், கோஷா கெடாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். இது நடிப்பா?

நான் நடிப்பு என்று சொல்லவே மாட்டேன். அவர் விட்டுக்கொடுத்தது எல்லாம் தன்னுடையதை. தன் உடை, தன் பேச்சு, தன் பெயர், தன் கோபம். பிள்ளையின் படிப்பில் இருந்தோ பிள்ளையின் மூச்சில் இருந்தோ ஒரு துளி எடுத்து ஊருக்குக் கொடுக்கவில்லை. திரைச்சீலைக்கு இறங்கி வந்தார், அடைத்த பெட்டிக்குத் திரும்பிப் போகச் சொன்னால் அது வேறு விஷயம். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒவ்வொன்று கேட்கும்போதும் இதைப் பாருங்கள்: கேட்பது என்னுடையதையா, பிள்ளையுடையதையா? துப்பட்டியை இப்படிப் போடு, மேடையில் பேசாதே, விழாவுக்கு நாங்கள் தலைமை தாங்குகிறோம் என்றால் கொடுத்துவிடுங்கள், வலிக்கும், ஆனால் கொடுத்துவிடலாம். ஐந்தாவது வரைக்கும் போதும் என்பது பிள்ளையுடையது. அதைக் கொடுக்க உங்களுக்கும் உரிமை இல்லை. ரொகேயாவின் பள்ளி உயர்நிலைப் பள்ளி ஆவதற்கு 1930 வரை ஆனது. மெதுவாகப் போங்கள், அது தப்பே இல்லை, ஆனால் ஐந்தாவதோடு முடிகிறது என்று எந்தக் காகிதத்திலும் எழுதிவிடாதீர்கள்.

"இன்னொரு மதரஸாவா" என்று கேட்கும் தோழிகளுக்கும் அவரிடம் பதில் இருக்கிறது. அவர் பள்ளியில் குர்ஆன் உண்டு, உருது, பார்ஸி, ஆங்கிலம், வங்காளம் உண்டு, நோயாளியைப் பார்த்துக்கொள்வது, சமையல், தையல், உடற்பயிற்சி கூட உண்டு. குர்ஆன் படிப்பு என்றால் கிளிப்பிள்ளை மாதிரி அரபுச் சொல்லைத் திருப்பிச் சொல்வதை நான் சொல்லவில்லை, அந்தந்த மொழியில் பொருளோடு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பேசியிருக்கிறார். நம்மில் எத்தனை பேர் ஏழு வயதில் ஓதி முடித்து, வீட்டில் சர்க்கரை கொடுத்து, நாற்பது வயது வரை ஒரு ஆயத்துக்கும், ஒரு வசனத்துக்கும் பொருள் தெரியாமல் இருந்திருக்கிறோம்! நானும் அப்படி இருந்தவள்தான். உங்கள் பள்ளியில் முதல் வகுப்புப் பிள்ளை குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவைத் தமிழில் தன் வாயால் சொல்லட்டும், நான் வந்து கேட்கிறேன்.

ஆசிரியை கிடைக்காததுதான் ரொகேயாவுக்குப் பெரிய பாடு. கல்கத்தாவில் கிடைக்காமல் கயா, ஆக்ரா, நம் சென்னையிலிருந்து எல்லாம் வரவழைத்தார். 1919இல் முஸ்லிம் பெண்களுக்கென்று ஆசிரியர் பயிற்சிப் பள்ளி ஒன்றைக் கல்கத்தாவில் அரசு தொடங்கியதும் அப்புறம்தான். ஆசிரியை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் வராந்தாச் சுவர் முழுக்க "உண்மையே பேசு" என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். மாசக் கடைசியில் அந்தச் சுவருக்குப் பின்னால் இருக்கும் அறையில் நாங்கள் சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அதில் பாதியைக் கையில் வாங்கிக்கொண்டு வெளியே வருவோம். வந்து அடுத்த பீரியட் நீதிபோதனை எடுப்போம். எட்டாவது பிள்ளை ஒருத்தி, அவள் உம்மாவும் அங்கேதான் வேலை பார்த்தார், ஒரு நாள் என் முகத்தைப் பார்த்து "உங்களுக்கும் பாதிதானா மிஸ்?" என்று கேட்டாள். அன்றைக்கு நான் நீதிபோதனை எடுக்கவில்லை, கணக்குப் போட்டு நேரத்தைக் கழித்தேன். உங்களால் ஆறாயிரம்தான் கொடுக்க முடியும் என்றால் ஆறாயிரம் என்றே எழுதுங்கள், தங்கச்சி. ஃபீஸ் கட்டாத பிள்ளையை எழுப்பி வெளியே நிறுத்தாதீர்கள். தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று, சுகாதாரச் சான்று எதையும் கையூட்டுக் கொடுத்து வாங்காதீர்கள், படிக்கட்டும் வாசலும் கூரையும் நிஜமாகவே சரியாக இருக்கட்டும். 2004 ஜூலை 16ஆம் தேதி கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் கருகிப்போனதை மறந்துவிட்டு ஒழுக்கம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி என்று போர்டு மாட்ட முடியாது.

இன்னொரு பெண்ணையும் சொல்கிறேன், நம்மவர்கள் அதிகம் கேள்விப்படாத பெயர். இந்தோனேசியாவின் சுமத்ராவில் படாங் பாஞ்சாங் என்ற ஊர், ரஹ்மா அல்யூனுஸிய்யா. பதினாறு வயதில் கல்யாணம், சில வருஷத்தில் தலாக். அண்ணன் நடத்திய ஆண் பெண் சேர்ந்து படிக்கும் மார்க்கப் பள்ளியில் படித்தவர். பெண்களின் சுத்தம், தீட்டு, பிரசவம் பற்றிய சட்டங்களை ஆண் உஸ்தாதிடம் வாய்விட்டுக் கேட்க முடியாமல் பிள்ளைகள் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, 1923 நவம்பர் 1ஆம் தேதி பள்ளிவாசலில் வைத்துப் பெண்களுக்கு மட்டும் தனிப் பள்ளி தொடங்கினார். முதலில் 71 பேர், பெரும்பாலும் கல்யாணமான பெண்கள். 1926 நிலநடுக்கத்தில் கட்டடம் இடிந்து விழுந்தது, ஊர் ஊராகப் போய்ப் பணம் சேர்த்து மறுபடி எழுப்பினார். தானே மருத்துவச்சி வேலை கற்றுக்கொண்டார். அன்று அங்கே ஆண்ட டச்சு அரசு மானியம் தருகிறேன் என்றபோது வேண்டாம் என்றார், பணத்தோடு அவர்களுடைய பாடத்திட்டமும் அதிகாரமும் உள்ளே வரும் என்று. ரொகேயா அரசு உதவியைக் கேட்டு வாங்கினார், ரஹ்மா மறுத்தார். இரண்டு பேருமே சரி என்றுதான் எனக்குப் படுகிறது, ஏனென்றால் இரண்டு பள்ளியிலும் கடைசிச் சொல் யாருடையது என்பதில் குழப்பமே இல்லை. பிற்பாடு எகிப்தின் அல்அஸ்ஹர் பல்கலைக்கழகம் ரஹ்மாவுக்கு ஷைகா, அதாவது மார்க்க அறிஞர், என்ற பட்டமே கொடுத்தது, 1957இல், அதற்கு முன் ஒரு பெண்ணுக்கும் கொடுக்காத பட்டம்.

கையெழுத்து விஷயத்துக்கு வந்துவிட்டோம். இதில் மட்டும் நான் உங்களோடு கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுவேன். கமிட்டியில் ஆண்கள் இருக்கட்டும், நல்லதுதான், ஜமாஅத் கூட நின்றால் பாதிச் சுமை இறங்கும். ஆனால் ட்ரஸ்ட் பத்திரத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும், செக்கில் இரண்டு கையெழுத்தில் ஒன்று உங்களுடையதாக இருக்க வேண்டும், ஆசிரியையை வைப்பதும் எடுப்பதும் தலைமையாசிரியையின் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். பத்திரம் பதிகிற அன்று கூச்சப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டால், ஐந்து வருஷம் கழித்து உங்கள் பள்ளிக்கூடத்துக்குள் நீங்களே அனுமதி கேட்டு நுழைவீர்கள். இடம் தரும் மாமனாரை முன்னால் வைத்துக்கொண்டே இதைப் பேசுங்கள். உங்கள் மேல் நம்பிக்கை இல்லாமலா அவர் இடம் தருகிறார்?

மற்ற மதத்துப் பிள்ளைகள் பற்றிக் கேட்டீர்கள். சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தொடங்கி நடத்தும் உரிமை அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவில் இருக்கிறது. அதே சட்டத்தின் 28ஆவது பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் ஒரு பிள்ளையை அதன் பெற்றோர் சம்மதம் இல்லாமல் மத வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்கிறது. சட்டத்துக்காக மட்டும் இல்லை, நம் பிள்ளை வேறு பள்ளிக்குப் போனால் நாம் என்ன எதிர்பார்ப்போமோ அதுதான். ஓதும் நேரத்தில் அந்தப் பிள்ளைகளைச் சும்மா வராந்தாவில் விடாதீர்கள், கதைப் புத்தகம் கொடுத்து, பொறுப்பாக ஒரு டீச்சரையும் போடுங்கள். பீரியட் அட்டவணை எழுதும்போதே இதற்கு இடம் ஒதுக்கிவிடுங்கள்.

ரொகேயா 1932 டிசம்பர் 9ஆம் தேதி, தன் பிறந்த நாள் அன்றே, மௌத்தானார். முந்தின ராத்திரி வரை எழுதிக்கொண்டிருந்தது பெண்களின் உரிமை பற்றிய ஒரு கட்டுரை, பாதியில் நின்றுவிட்டது. தன் கணவரின் பெயரை அவர் வைத்த பள்ளி இன்றைக்கும் கல்கத்தாவில், லார்ட் சின்ஹா ரோட்டில், அரசுப் பெண்கள் பள்ளியாக நடக்கிறது.

நோன்பு முடிந்து உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன், இடத்தைக் காட்டுங்கள். அதற்கு முன்னால் அந்தப் பதினொரு பிள்ளைகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். துஆவில் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
லாத்தா