காவிரித் தண்ணீரை வருஷக்கணக்கில் அளப்பது: கேட்டதும் சொன்னதும்

கேள்வி (பவானி): அண்ணா, கூடுதுறையில் சோதனை கிட் வைத்து, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை நானே பார்த்தேன். லிட்டருக்கு 7 மில்லிகிராம். அப்போ ஆறு சுத்தம்தானே?

எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் தம்பி? மதியம் என்றால் அந்த 7-ஐ நம்பிவிடாதீர்கள். பாசி வெயிலில் ஆக்சிஜனை விடும், ராத்திரி முழுக்க அதுவே இழுத்துக்கொள்ளும், அதனால் விடியற்காலையில்தான் அளவு அடிமட்டத்துக்குப் போகும். குளிக்கும் துறைக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு குறைந்தது 5. ஆனால் பிஓடி, அதாவது கழிவைத் தின்ன பாக்டீரியா இழுக்கும் ஆக்சிஜன், லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது, மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவையும் பார்க்க வேண்டும்.

கேள்வி: பிஓடி சோதனைக்கு மாதிரியை வெளிநாட்டில் 5 நாள் வைக்கிறார்கள், இங்கே 3 நாள். இதில் ஏதாவது தில்லுமுல்லா?

இல்லை. அங்கே மாதிரியை 20 டிகிரியில் வைக்கிறார்கள், இங்கே 27 டிகிரியில், சூட்டில் பாக்டீரியா வேகமாகத் தின்னும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே கிராஃபில் கலந்து போடுகிறார்களே, அதுதான் தப்பு.

கேள்வி (கரூர்): சார், 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, அப்புறமும் நொய்யலாற்று ஒரத்துப்பாளையம் அணைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் ஏன் கரிக்கிறது?

சாக்கடைக் கழிவு என்றால் பாக்டீரியா தின்று தீர்க்கும். உப்பை எது தின்னும்? அணையில் தேங்கிய, உப்பு கலந்த சாயத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரில் கலந்துவிட்டது, வாய்க்கால் வழியாகப் பாய்ந்த வயல்களிலும் இறங்கியது, அது கழுவிப்போக நல்ல மழை பல வருஷம் வேண்டும். பிஓடி பார்த்தால் இது தெரியவே தெரியாது, மின்கடத்து திறனைப் பாருங்கள், உப்பு கூடினால் அதுவும் கூடும். பாசனத்துக்கு 2250 மைக்ரோசீமன்ஸ் வரைதான் வரம்பு. ஒரே கிணற்றை ஒவ்வொரு வருஷமும் அதே மாதத்தில் அளந்தால்தான் இறங்குகிறதா என்று சொல்ல முடியும்.

கேள்வி: மேட்டூர் திறந்ததும் கணக்கெல்லாம் நன்றாக வருகிறதே?

தண்ணீர் கூடினால் எல்லாமே நீர்த்துப்போகும், கழிவு நின்றுவிட்டதாக அர்த்தமில்லை. மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனை கன அடி போனது என்பதையும் கூடவே எழுதிவையுங்கள், தண்ணீரில் உள்ள உப்பின் அளவையும் ஓட்டத்தையும் பெருக்கினால்தான் ஆறு சுமந்த மொத்த உப்பு தெரியும். வெள்ளத்து நாளில் மாதிரி எடுக்காத பதிவேடு என்னைப் பொறுத்தவரை அரைப் பதிவேடுதான்.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): மாதிரி எடுப்பதில் எங்கே சொதப்புவோம்?

கரையோரத்தில், படித்துறை சோப்பு நுரைக்குப் பக்கத்திலேயே எடுப்பீர்கள். ஓட்டம் உள்ள இடத்தில், ஒரு அடி ஆழத்தில் குப்பியை முக்கி, குமிழி இல்லாமல் நிரப்புங்கள். ஆக்சிஜனுக்கு என்றால் அதைப் பிடித்துவைக்கும் மாங்கனீஸ் சல்ஃபேட்டும் கார அயோடைடும் அங்கேயே விட்டு மூடிவிடுங்கள், லேப் வரை காத்திருக்காதீர்கள். பழுப்பாகப் படிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது. வெள்ளையாகவே நின்றால் அந்த இடத்தில் மீன் பிழைக்காது.