வீட்டை அடகு வைக்கும் முன் ஒரு துளைக்குள் எட்டிப் பாருங்கள்

டேட்டா சயன்ஸ் மேற்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது, வீட்டை அடகு வைத்துக் கடன் வாங்கப் போகிறோம் என்று ஒரு தம்பதி மகளோடு வந்திருந்தார்கள். பெண் மெக்கானிக்கல் முடித்தவள். "எல்லாம் நல்லபடியா நடக்குமா சார்?" என்று அப்பா கேட்டார். நடக்கும் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் அவள் தானாகப் பேசியது ஒரே ஒரு தடவை: "உங்க ஏசி ஏன் சார் இப்படி உறுமுது? கம்ப்ரசருக்கு அடியில் ரப்பர் தேய்ஞ்சிருக்கும்."

ஐயா, நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தது உங்கள் பெண் இல்லை, அவளுடைய பெரியப்பா. தவணை கட்டப்போவது பெரியப்பா இல்லை. அவளுக்கு ஆசையே இல்லாத படிப்புக்காக வீட்டைப் பணயம் வைக்காதீர்கள்.

எம்பிஏ, அரசுத் தேர்வு பற்றியெல்லாம் சொந்தக்காரர்களே சொல்லியிருப்பார்கள். நான் சொல்வது நிலவெப்ப ஹீட் பம்ப், அதாவது கட்டடத்துக்கும் மண்ணுக்கும் இடையே வெப்பத்தை நகர்த்தும் இயந்திரத்தை அமைக்கும் தொழில். இதைக் கேட்டதும் பெரியப்பா போனில் "எரிமலையா?" என்றாராம். எரிமலை இல்லை, புவிவெப்ப மின்நிலையமும் இல்லை. தரைக்கு அடியில் பத்துப் பதினைந்து மீட்டர் போனால் கோடையும் குளிரும் அங்கே எட்டாது. வெப்பநிலை அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே நிற்கும். ஆழ்துளைக்குள் இறக்கிய குழாயில் நீரைச் சுற்றவிட்டு, வெயில் காலத்தில் கட்டடத்தின் சூட்டை அங்கே இறக்கலாம், குளிர்காலத்தில் திரும்ப எடுக்கலாம். சூடேற்றும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று நான்கு யூனிட் வெப்பம் கிடைக்கும். புதுச் சரக்கும் இல்லை. அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1948-லேயே ஓர் அலுவலகக் கட்டடம் நிலத்தடி நீரை வைத்து ஹீட் பம்பில் ஓடியது. இண்டியானாவின் பால் ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்துக்கு 3,000-க்கும் மேற்பட்ட ஆழ்துளைகள் போட்டிருக்கிறார்கள்.

இதில் பாதியைக் கையால்தான் கற்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயின் இரண்டு முனைகளையும் சூடான தட்டில் வைத்து உருக்கி, தட்டை எடுத்த சில நொடிகளில் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து, ஆறும்வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். சுற்றிலும் வரும் பிதுக்கம் ஒரே சீராக இருந்தால்தான் அது ஒட்டு. அந்தக் குழாயைத் துளைக்குள் இறக்கி பெண்டோனைட் என்ற களிமண் கலவையால் அடைத்த பிறகு, கசிந்தால் தோண்டி எடுக்கிற கதையே கிடையாது. அதனால் புதைப்பதற்கு முன்பே அழுத்தச் சோதனை. அப்புறம் வெப்பச் சோதனை: ஒரே ஒரு சோதனைத் துளையில் சூடான நீரை ஏறக்குறைய இரண்டு நாள் விடாமல் சுற்றவிட்டு, வெப்பம் ஏறும் வேகத்தை வைத்து அந்த மண் எவ்வளவு வெப்பம் கடத்தும் என்று கணக்கிடுவார்கள். எத்தனை துளை, எவ்வளவு ஆழம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில்தான் நிற்கும். வருடம் முழுக்கக் குளிரூட்டல் மட்டுமே தேவைப்படும் கட்டடத்தில் சூடு மண்ணிலேயே தங்கித் தங்கி, சில வருடங்களில் இயந்திரம் திணற ஆரம்பிக்கும். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கத்தான் எஞ்சினியர் வேண்டும்.

வேலை தெருவுக்குத் தெரு கிடைக்காது, அதையும் மறைக்கவில்லை. ஆனால் பம்ப், குழாய், கம்ப்ரசர், வெப்பச்சுமைக் கணக்கு எல்லாம் சாதாரண ஏசி வேலைக்கும் அப்படியே உதவும். கற்றது வீணாகாது.

பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் ஒரே கேள்வி கேளுங்கள்: "ஒட்டும் கருவியை என் பெண் கையில் கொடுப்பீர்களா?" ஸ்லைடு மட்டும் காட்டுகிற இடமென்றால் எழுந்து வந்துவிடுங்கள். முதலில் ஒரு குறுகிய பயிற்சி, அப்புறம் ஆழ்துளை போடும் ஒரு தளத்தில் சில வாரம் சேற்றில் நிற்கட்டும். அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்கும்வரை அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். பெரியப்பா கேட்டால் நான் தடுத்ததாகவே சொல்லுங்கள்.